விண்வெளி நிலையத்துக்கு வகுப்பைக் கூட்டிப்போகும் முன்

மெய்நிகர் சுற்றுலா என்ற பெயரில் பல பள்ளிகளில் நடப்பது இதுதான்: ஹைடெக் லேபைத் திறக்கிறோம், ஒரு வீடியோவைப் போடுகிறோம், பெல் அடித்ததும் திரும்பிவிடுகிறோம். நிஜச் சுற்றுலா என்றால் சம்மதக் கடிதம், பஸ், சாப்பாடு என்று ஒரு வாரம் அலைகிற நாம், திரையில் போவதற்கு மட்டும் எந்த ஏற்பாடும் செய்வதில்லை.

எட்டாம் வகுப்புக்கு நான் எடுத்துக்கொள்வது கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் (ஒரு இடத்தைத் திரையிலேயே நாலாபுறமும் திருப்பிப் பார்க்கிற வசதி) உள்ள சர்வதேச விண்வெளி நிலையம். பிரான்ஸ் விண்வெளி வீரர் தாமா பெஸ்கே அங்கே தங்கியிருந்தபோது எடுத்த படங்களை இணைத்து 2017ல் வெளியிட்டார்கள். பார்ப்பது இலவசம்.

முதல் நாளே ஒரு வேலை கொடுத்துவிடுவேன். தரை எது கூரை எது என்றே இல்லாத வீட்டில் உங்கள் படுக்கையறையை வரையுங்கள் என்பேன். கட்டில், டிவி எல்லாம் வரும், யாராவது ஒரு பிள்ளை மேலே சீலிங் ஃபேனும் மாட்டிவைக்கும், பக்கத்துப் பையன் சிரிப்பான். சிரிக்க ஒன்றுமில்லை, அங்கே ஃபேன் அவசியம். மிதக்கிற நிலையில் சூடான காற்று தானாக மேலே எழும்பாது. காற்றைத் தள்ளிவிடாவிட்டால் தூங்குபவர் விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்சைடு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். சரி, காற்று எந்த வழியாக வருகிறது என்று நாளைக்குத் தேடு என்று அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.

இப்படி ஒரு குழுவுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். எங்கே தூங்குகிறார்கள், டிரெட்மில் ஏன் சுவரில் இருக்கிறது, இந்த மாதிரி. பத்துக் கேள்வித் தாளைக் கையில் கொடுத்தால் திரையை யாரும் பார்க்கப்போவதில்லை, தாளைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அங்கே ஈர்ப்பு விசையே இல்லை என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் (சில ஆசிரியர்களும்தான்). சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் அதிலுள்ளவர்களும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள். இதைச் சொல்லாமல் கூட்டிப்போனால் அந்தத் தப்பான எண்ணம் இன்னும் கெட்டியாகிவிடும்.

அப்புறம், லேபில் உள்ள அதே கம்ப்யூட்டரில் முதல் நாள் நீங்கள் ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். நெட் படுத்துவிட்டால் உதவ, முக்கியமான படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பென்டிரைவில் வையுங்கள். படங்களில் வரும் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும்; நாலைந்து சொற்களுக்குப் போர்டில் பொருள் எழுதிவிட்டால் போதும். மவுஸை மெதுவாகத் திருப்புங்கள், வேகமாகச் சுழற்றினால் சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். பூமியைப் பார்க்க ஏழு ஜன்னல் உள்ள குப்போலா என்ற பகுதியைக் கடைசிக்கு வையுங்கள், அதை முதலில் காட்டினால் வேறு எங்கேயும் வரமாட்டார்கள்.

நம் ஊருக்கு மேலே அந்த நிலையம் கடக்கும் நேரத்தை நாசாவின் ஸ்பாட் தி ஸ்டேஷன் ஆப்பில் பார்த்துப் போர்டில் எழுதிப்போடலாம், வெறும் கண்ணுக்கே தெரியும். மறுநாள் கேட்டால் பாதிப் பேர் மேகம் மறைத்துவிட்டது சார் என்பார்கள், அடுத்த நேரத்தையும் எழுதிப்போடுங்கள்.