அட்ஹீஷன்: ஒட்டுதல் இல்லீங்க, பிடிமானம்

பிரிட்டன்ல இலையுதிர் காலம் வந்தா போதும், தண்டவாளத்துல இலை விழுந்து ரயில் லேட்டுன்னு செய்தி வரும், அதைத் தமிழ்ல போடுறவங்க "சக்கரங்களின் ஒட்டுதல் திறன் குறைந்தது"ன்னு தவறாம ஒரு வரி எழுதுவாங்க. ரயில் சக்கரம் எங்க சார் ஒட்டுது? அது உருளுது.

இங்கிலீஷ்ல அட்ஹீஷன்னு இருக்கிறதைத்தான் இப்படி ஒட்டுதல்னு மாத்துறாங்க. அட்ஹீஷன் லத்தீன்ல இருந்து வந்த சொல், கிட்ட போய் ஒட்டிக்கிறதுன்னு அர்த்தம், அவ்ளோதான். ஆனா ரயில்காரங்க கையில அது வேற அர்த்தத்துக்குப் போயிருச்சு. 1804லயே ரிச்சர்ட் டிரெவிதிக்ங்கிறவரு நீராவி எஞ்சினைத் தண்டவாளத்துல ஓட்டிக் காட்டியும், வழுவழு சக்கரம் வழுவழு தண்டவாளத்துல வழுக்கிரும், பாரம் இழுக்காதுன்னு பயம் போகல. அதனால 1812ல இங்கிலாந்துல லீட்ஸ் பக்கம் மிடில்டன் ரயில்வேல பிளென்கின்சாப்ங்கிறவரு பல் வச்ச தண்டவாளமே போட்டாரு. அதே காலத்துல வைலம் சுரங்கத்துல வில்லியம் ஹெட்லி, ஆளுங்க கையால சுத்துற ஒரு வண்டிய வச்சு சோதிச்சு, பல்லெல்லாம் வேணாம் வண்டியோட எடையே போதும்னு காட்டினாரு. பல் இல்லாம ஓடுற பாதைக்கு இன்னிக்கும் அட்ஹீஷன் ரயில்வேன்னுதான் பேரு. "ஒட்டும் ரயில்வே"ன்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.

ஒட்டுறதுன்னா பிரிக்கும்போது இழுத்துப் பிடிக்கணும், கோந்து அப்படித்தான். சக்கரத்தைத் தூக்கினா சும்மா வந்துரும். ஒரு சதுர சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கிற தொடுற இடத்துல டன் கணக்கான பாரம் அமுக்குது, அதனால சக்கரம் சறுக்காம, சும்மா சுத்தாம தண்டவாளத்தைப் பிடிச்சுக்குது. நாம பேசுற தமிழ்லயே இருக்கே, "காலுக்குப் பிடிமானம் இல்ல", "டயர் ரோட்டைப் பிடிக்கல"ன்னு! மானம் விகுதி தமிழா வடமொழியான்னு சண்டைக்கு வர்றவங்க பிடிப்புன்னு வச்சுக்கலாம், ஆனா பிடிப்புன்னா எனக்கு இடுப்புப் பிடிப்புதான் முதல்ல ஞாபகம் வருது.

இலை விஷயத்துல ஒட்டுதல்ங்கிற சொல் இன்னும் மோசம், ஏன்னா அங்க நிஜமாவே ஒட்டுறது இலைதான். சக்கரம் ஏறி ஏறி இலையை நசுக்கி, ஈரத்தோட சேர்த்து அமுக்கி, தண்டவாளத்து மேல கருப்பா கெட்டியா ஒரு படலம் ஆக்கிருது. அது கையால சுரண்டினா வராது. பிடிமான எண்ணுன்னா, சக்கரத்து மேல இருக்கிற பாரத்துல எத்தனை பங்கு விசை வரைக்கும் சறுக்காம தாங்கும்ங்கிற அளவு, காய்ஞ்ச இரும்புல அது 0.3 பக்கம் இருக்கும், இந்தப் படலம் லேசா நனைஞ்சா 0.05க்கும் கீழ போயிரும். இதைத்தான் "இலையால் ஒட்டுதல் குறைந்தது"ன்னு எழுதுறாங்க, ஒட்டினது இலை, குறைஞ்சது ஒட்டுதலாம்! இதுல கனமழை அவ்வளவு மோசமில்ல, ஓரளவு கழுவி விட்டுரும், பனித்துளியும் தூறலும்தான் ஆபத்து. படலத்தை எடுக்க ஸ்பெஷல் ரயில் விட்டு பயங்கர அழுத்தத்துல தண்ணி அடிக்கிறாங்க, பிடிமானம் கூடுறதுக்கு மணல் கலந்த ஒரு கூழும் தடவுறாங்க, ஒட்டுதல்னு ஆரம்பிச்சுட்டா படிக்கிறவன் அந்தக் கூழையும் பசைன்னுதான் நினைப்பான்.

சிலர் உராய்வுன்னு போடுறாங்க, அதை மன்னிச்சிரலாம், தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா வளைவுல சக்கர விளிம்பு தேயாம இருக்க ரயில்காரங்களே கிரீஸ் வைக்கிறாங்க, அங்க உராய்வு குறைஞ்சா நல்ல செய்தி. பிடிமானம் குறைஞ்சா எங்கயும் நல்ல செய்தி இல்ல. இழுவைன்னு எழுதுறவங்களுக்கு ஒண்ணு, இழுவை எஞ்சின் குடுக்கிறது, அதைத் தாங்குறதுதான் பிடிமானம், பிரேக் போடும்போது இழுவையே கிடையாது, பிடிமானம் வேணும்.

பிரேக்னு சொன்னதும் எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற இன்னொண்ணு. 2021 அக்டோபர் 31ல இங்கிலாந்துல சாலிஸ்பரி பக்கம் ஃபிஷர்டன் சுரங்கப்பாதைகிட்ட ஒரு ரயில் சிகப்பு சிக்னல்ல நிக்க முடியாம தாண்டிப் போய் இன்னொரு ரயில் மேல மோதிச்சு, தண்டவாளத்துல பிடிமானம் ரொம்பக் குறைவா இருந்தது விசாரணையில தெரிஞ்சுது. இந்த மாதிரி சம்பவத்தைத் தமிழ்ல எழுதும்போது "பிரேக் பிடிக்கவில்லை"ன்னு கை தானா எழுதிருது. பிரேக் பிடிக்கலன்னா நமக்கு பிரேக் ஃபெயிலியர்னு அர்த்தம். இங்க நடக்கிறது நேர் எதிர், பிரேக் சக்கரத்தைப் பிடிச்சிருச்சு, சக்கரம்தான் தண்டவாளத்தைப் பிடிக்கல. எஞ்சின் இழுக்கும்போது சக்கரம் சும்மா சுத்துறதுக்கு ஒரு சொல், பிரேக்ல பூட்டிக்கிட்டு சறுக்குறதுக்கு இன்னொரு சொல்னு இங்கிலீஷ்காரன் தனித்தனியா வச்சிருக்கான், நம்மாளு ரெண்டுக்கும் "வழுக்கியது"ன்னு போட்டுட்டு அடுத்த செய்திக்குப் போயிருவாரு. சுழல்றது, சறுக்குறதுன்னு பிரிச்சு எழுத எவ்ளோ நேரம் ஆகும்? பூட்டின சக்கரம் அப்படியே சறுக்கிப் போனா ஒரே இடம் தேய்ஞ்சு தட்டையாயிரும், அப்புறம் அது சுத்துற ஒவ்வொரு தடவையும் டக் டக்னு அடிக்கும், அந்த சத்தத்துக்குக் காரணமே பிரேக் நல்லா பிடிச்சதுதான்.