வலி போய்விட்டது, பலம் திரும்பியதா?

பாயில் மல்லாந்து படுத்திருந்தவரிடம், "வலது காலை மட்டும் மெல்லத் தூக்குங்கள்" என்றேன். கால் தரையை விட்டு எழும்பும் முன்பே அவருடைய மூச்சு நின்றுவிட்டது. வயிறு பலகையாக இறுகியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. இடுப்புக்கு அடியில் நான் வைத்திருந்த விரல்களின் மேலிருந்து முதுகு வில்லாக வளைந்து எழும்பியது. "மூச்சை விடுங்கள் அம்மா" என்றதும் கால் தொப்பென்று கீழே விழுந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாக ஓவர்லாக் மெஷினில் உட்காருபவர் அவர். வயது 41. மூன்று மாதத்துக்கு முன் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊசி, மாத்திரை, பத்து நாள் ஓய்வு என்று வலி அடங்கியது. திரும்பவும் ஒன்றரை ஷிப்ட் வேலைக்குப் போனார். இரண்டாவது வாரம் துணிக்கட்டு ஒன்றைத் தூக்கும்போது அதே இடத்தில் அதே வலி. "வலிதான் போய்விட்டதே மேடம், மறுபடியும் ஏன் வந்தது?" என்று கேட்டார்.

இயன்முறை மருத்துவராக நான் அன்றாடம் சந்திக்கும் கேள்வி இது. இதற்கான பதில் முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் மல்டிஃபிடஸ் என்ற தசையில் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜூலி ஹைட்ஸும் அவருடைய குழுவினரும், முதல்முறையாக இடுப்பு வலி வந்த 39 பேரின் முதுகை அல்ட்ராசவுண்டில் பார்த்து 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு வாரத்தில் பெரும்பாலோருக்கு வலி போய்விட்டது. ஆனால் வலித்த பக்கத்தில் சுருங்கிய அந்தத் தசை தானாகப் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பயிற்சி செய்தவர்களுக்குத்தான் திரும்பியது. அடுத்த ஒரு வருடத்தில் பயிற்சி செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கு வலி மறுபடியும் வந்தது. செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் என் மேசைக்கு முன்னால் உட்காரும் முகங்களை அது அப்படியே விளக்குகிறது.

மூச்சோடு சேர்த்து மெல்ல, கட்டுப்பாட்டோடு அசைந்து நடு உடம்பைப் பலப்படுத்தும் பிலாட்டிஸ் பயிற்சியை நான் கையில் எடுப்பது இந்த இடத்தில்தான். ஜெர்மனியில் 1883-இல் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் சிறுவயதில் ஆஸ்துமாவோடும் எலும்பு நலிவு நோயோடும் போராடியவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டன் அவரை அயல்நாட்டவர் என்று முகாமில் அடைத்து வைத்தது. அங்கேதான் அவருடைய முறை உருப்பெற்றது. 1920-களில் நியூயார்க் போய்க் கூடம் திறந்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை. பிலாட்டிஸ் என்ற பெயர் பின்னால் நிலைத்தது. எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பிடிக்கும். எத்தனை முறை செய்தோம் என்பதைவிட எவ்வளவு கட்டுப்பாட்டோடு செய்தோம் என்பதே இதில் கணக்கு.

'கோர்', அதாவது உடம்பின் மையம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வயிற்றில் தெரியும் கட்டுகள். அவை மேல்தசைகள். உண்மையான மையம் ஒரு பெட்டி மாதிரி: மேல்மூடியாக மூச்சுத் தசையான உதரவிதானம், அடித்தட்டாக இடுப்புத் தளத் தசைகள், முன்னும் பக்கமும் இடுப்பு வார் போலச் சுற்றி ஓடும் குறுக்கு வயிற்றுத் தசை, பின்னால் மல்டிஃபிடஸ். நலமாக இருப்பவர் கையைத் தூக்க நினைத்தால், கை அசைவதற்கு முன்பே அந்தக் குறுக்குத் தசை வேலையைத் தொடங்கிவிடுகிறது. நாள்பட்ட முதுகு வலிக்காரர்களுக்கு அது தாமதமாகத் தொடங்குவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பலம் எவ்வளவு முக்கியமோ, உரிய நேரத்தில் விழித்துக்கொள்வதும் அவ்வளவு முக்கியம்.

மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்குவது இந்தப் பெட்டியைப் பூட்டி வைப்பது. அதை வைத்துக்கொண்டு ஒருவர் ஒன்றரை ஷிப்ட் உட்கார முடியாது. மூச்சு போய்வர வேண்டும், கைகால் அசைய வேண்டும், நடு உடம்பு நிலைகுலையாமல் இருக்க வேண்டும்.

அந்த ஓவர்லாக் அம்மாவுக்கு, பிலாட்டிஸ் கூடங்களில் இருக்கும் ஸ்பிரிங் வைத்த ரிஃபார்மர் கட்டில் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பாய், ஒரு துண்டு, ஒரு எவர்சில்வர் கிண்ணம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, கிண்ணத்தில் பாதித் தண்ணீர் ஊற்றி அடிவயிற்றின் மேல் வைத்துவிடுவேன். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஒரு பாதத்தை ஒரு சாண் உயரம் தூக்க வேண்டும். தண்ணீர் தளும்பினால் இடுப்பு ஆடுகிறது என்று அர்த்தம். முதல் நாள் ரவிக்கையெல்லாம் ஈரம். இரண்டு வாரம் இதைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. அதன் பிறகு இடுப்பைப் பாலமாகத் தூக்குவது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எதிரெதிர்க் கைகாலை நீட்டுவது என்று ஏறினோம்.

நிமிர்ந்து உட்காருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நேராக உட்கார்" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். விறைப்பாக நாள் முழுக்க உட்கார்ந்தாலும் முதுகு நோகும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பது அதைவிட நல்லது. சாய்மானம் இல்லாத ஸ்டூலில் மெஷின் ஓட்டுபவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். எழுந்து நடக்கும் நேரம் அவர்கள் கையில் இல்லை.

பிலாட்டிஸ் மந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, சும்மா இருப்பதைவிட இது இடுப்பு வலியைக் குறைக்கிறது என்றது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. நடைப்பயிற்சியோ யோகாவோ உங்களுக்கு ஒத்துப்போனால் விட வேண்டாம்.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. பிலாட்டிஸ் என்ற சொல் யாருடைய வணிக முத்திரையும் அல்ல என்று 2000-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. யாரும் பலகை மாட்டலாம். ஒரு வகுப்பில் அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவருக்கு, எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதைக் கேட்காமலே, படுத்த நிலையிலிருந்து முதுகைச் சுருட்டி எழும் 'ரோல் அப்' கொடுத்திருந்தார்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் இப்படி முன்பக்கம் மடங்கும் பயிற்சிகளைச் செய்தால் முதுகெலும்பு நொறுங்கும் வாய்ப்பு கூடும் என்பது 1984-லிருந்தே மருத்துவ உலகத்துக்குத் தெரியும். அந்த அம்மா கடும் முதுகு வலியோடு என்னிடம் வந்தார். எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு சப்பையாகியிருந்தது. பயிற்சியாளர் உங்கள் உடம்பின் கதையைக் கேட்காமல் பாயை விரிக்கச் சொன்னால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். பிரசவம் முடிந்து வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியிருக்கும் தாய்மார்களும் பரிசோதித்த பிறகே தொடங்க வேண்டும்.

முதுகு வலியோடு சிறுநீர் அல்லது மலத்தில் கட்டுப்பாடு போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ எந்தப் பயிற்சியும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை. காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, இரவில் தூங்க விடாத வலி இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பத்தாவது வாரம் அந்த ஓவர்லாக் அம்மா வந்தபோது, முதல் நாள் போலவே இடுப்புக்கு அடியில் விரல்களை வைத்தேன். காலைத் தூக்கினார். இறக்கினார். அடுத்த காலைத் தூக்கினார். விரல்களின் மேல் அழுத்தம் மாறவே இல்லை. இவ்வளவுக்கும் நடுவில், மகள் பிளஸ் டூவில் எடுத்த மார்க்கை ஒவ்வொரு பாடமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.