சோலார் ஹீட்டர் வாங்கும் முன் போர்த் தண்ணீரைச் சோதியுங்கள்

மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்து இரண்டு வருஷம் ஆகும் முன்பே “சூடே ஏற மாட்டேங்கு” என்று புகார் வந்தால், வெயிலைக் குறை சொல்ல முடியாது. நெல்லைச் சீமையில் வெயிலுக்கா பஞ்சம்? பெரும்பாலும் உள்ளே போகிற தண்ணீர்தான் காரணம். தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. ராதாபுரம், வள்ளியூர், நாங்குநேரிப் பக்கம் போரை மட்டும் நம்பியிருக்கிற வீடுகளில் அதிகம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறியதும் சிதைந்து, வெள்ளைப் பொருக்காகப் படியும். 60 டிகிரியைத் தாண்டினால் படிவது வேகமாகும். சித்திரை, வைகாசியில் சுடுதண்ணீரை யாரும் திறப்பதில்லை. தொட்டி மட்டும் தினமும் கொதிக்கும். கண்ணாடிக் குழல் வகை ஹீட்டராக இருந்தால், அந்த மாதங்களில் பாதிக் குழல்களைச் சாக்கு போட்டு மூடிவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது எடுத்தால் போதும்.

விற்க வருகிறவர் டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டி “ஒண்ணும் செய்யாது” என்றால் தலையாட்டாதீர்கள். அது கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும். பொருக்கு வைக்கிற உப்பு எவ்வளவு என்று சொல்லாது. அதற்குக் கடினத்தன்மை பார்க்கும் சொட்டுக் கிட் வேண்டும். சிவப்பு நிறம் நீலமாக மாறும் வரை சொட்டுகளை எண்ணி, கிட்டில் சொன்ன எண்ணால் பெருக்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை விடுகிறது. அது குடிப்பதற்கான கணக்கு. கடினத்தன்மை 500 உள்ள தண்ணீர் தினம் 200 லிட்டர் ஹீட்டருக்குள் போனால், 100 கிராம் உள்ளே போகிறது. அத்தனையும் படியாது, கொஞ்சம் படிந்தாலே வருஷக் கடைசியில் கிலோக்கணக்கில் நிற்கும்.

கடினத்தன்மை 200-க்கு மேல் இருந்தால் ஹீட்டருக்குப் போகும் லைனில் மட்டும் சாஃப்ட்னர், அதாவது கடினத்தன்மையை நீக்கும் கருவி, வைக்கலாம். அதற்குள் இருக்கும் ரெசின் மணிகளை அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவாவிட்டால் வெறும் டப்பாதான். சாஃப்ட்னர் வைத்த பிறகும் டிடிஎஸ் குறையாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தட்டை வகை ஹீட்டர் வாங்கினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதாகக் கேளுங்கள். அதில் தட்டின் மெல்லிய செம்புக் குழாய்களுக்குள் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றி, தொட்டித் தண்ணீரோடு கலக்காமல் சூட்டை மட்டும் கொடுக்கும். புது உப்பு வராது.

கண்ணாடிக் குழல் வகையில் பலர் தொட்டியின் வடிகால் வால்வைத் திறந்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். குழலின் மூடிய முனை கீழே இருப்பதால் பொருக்கு அங்கேயே தங்கும். 58 மில்லிமீட்டர் குழல் ஒவ்வொன்றிலும் நீளத்தைப் பொறுத்து இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீரும் நிற்கும். வெயில் ஏறும் முன், விடியற்காலையில் கழற்றிக் கழுவுங்கள். சூடான காலிக் குழலில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். மாட்டும்போது சிலிக்கான் வளையத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். தொட்டி மேலே நிற்கும் காற்றுக் குழாயையும் குத்திப் பாருங்கள். அது அடைத்துப்போனால் உள்தொட்டி நசுங்கும்.

ஒட்டிய பொருக்குக்கு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, சில மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு முறை அலசினால் போதும். கீசர் காயிலுக்கும் இதேதான். மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், அது ஸ்டெயின்லெஸ் தொட்டியில் ஊசித்துளை போடும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் மக்னீசியம் ராடு இருந்தால் அதையும் அப்போதே பாருங்கள். நடுக்கம்பி வெளியே தெரிந்தால் புது ராடு போட வேண்டும்.