ரூமியர்: ஒரு தீவு மக்களின் பெயர்

தமிழில் ‘ரூம்’ என்று எழுதினால் விடுதி அறைதான் நினைவுக்கு வரும். துருக்கி மொழியில் அது ஒரு மக்களின் பெயர். துருக்கி மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும், கிரேக்கம் பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களைத் துருக்கியர் ரூம் என்பார்கள். கடலுக்கு அந்தப்பக்கம் கிரீஸ் நாட்டில் இருப்பவரை யுனான்லி அல்லது யுனான் என்பார்கள். மொழியும் மதமும் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. நாம் இரண்டு பேரையும் ‘கிரேக்கர்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

ரூம் என்பது ரோம்தான். கி.பி. 212-ல் பேரரசர் கரகல்லா தன் ஆட்சியில் இருந்த சுதந்திரக் குடிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ரோமக் குடியுரிமை கொடுத்தார். பின்னால் பேரரசின் மேற்குப் பாதி வீழ்ந்தது. கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குப் பாதி நீடித்தது. அங்கே பேச்சு கிரேக்கம், ஆனால் மக்கள் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். பைசாந்தியம் என்ற பெயரெல்லாம் பிற்கால வரலாற்றாசிரியர்கள் வைத்தது. அரபியில் ரோம் ‘ரூம்’ ஆனது. குர்ஆனின் 30-வது அத்தியாயத்தின் பெயரே அதுதான். அந்த நிலப்பகுதிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டதால், கொன்யாவில் வாழ்ந்த பாரசீகக் கவிஞர் ஜலாலுத்தீன், ரூமி ஆனார். ரூம் நாட்டுக்காரர் என்று பொருள். 1453-ல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சியும் ஆர்த்தடாக்ஸ் குடிகளை இந்தப் பெயரிலேயே ஒரு சமூகமாகக் கணக்கில் வைத்தது.

இந்தப் பெயர் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பதற்கு ஒரு காட்சி. 1912-ல் ஒட்டோமான் ஆட்சியிலிருந்த லெம்னோஸ் தீவைக் கிரேக்கக் கடற்படை பிடித்தது. கிராமத்துச் சதுக்கத்தில் நின்ற சிப்பாய்களைப் பார்க்கச் சிறுவர்கள் ஓடினார்கள். “என்ன பார்க்கிறீர்கள்?” என்று ஒரு சிப்பாய் கேட்க, “ஹெலீனியரை (அதாவது கிரேக்கரை) பார்க்க வந்தோம்” என்றார்கள். “ஏன், நீங்கள் ஹெலீனியர் இல்லையா?” “இல்லை, நாங்கள் ரோமர்.” அந்தச் சிறுவர்களில் ஒருவரான பீட்டர் சரானிஸ் பிற்காலத்தில் பைசாந்திய வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். இதைச் சொன்னவரும் அவரே.

சரி, யுனான்? அது நமக்குப் பழகிய சொல். ஆசியா மைனரின் மேற்குக் கரையிலிருந்த அயோனியாவின் பெயரே பாரசீகத்தில் யுனான் ஆனது, வடமொழியில் யவன ஆனது, சங்கப் பாட்டில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் ஆனது. யவனர் என்பதிலிருந்தே சோனகர் வந்தது என்பதும் பரவலான கருத்து. அதாவது கிரேக்கரைக் குறித்த ஒரு சொல் இன்று இலங்கை முஸ்லிம்களின் பெயராக நிற்கிறது. ரோமைக் குறித்த சொல்லோ துருக்கியின் கிரேக்கக் கிறிஸ்தவர்களிடம் தங்கிவிட்டது.

லெம்னோஸுக்கு வடகிழக்கே, எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருக்கிறது இம்ரோஸ் தீவு. முதல் உலகப் போருக்குப் பின் துருக்கியின் எல்லைகளை முடிவு செய்த 1923 லொசான் ஒப்பந்தம் இதையும் பக்கத்திலுள்ள டெனெடோஸையும் துருக்கியிடம் விட்டது. அதன் 14-வது பிரிவு, உள்ளூர் மக்களே நடத்தும் தனி நிர்வாகம், உள்ளூரிலிருந்தே எடுக்கப்படும் காவல்படை இரண்டையும் இந்தத் தீவுகளுக்கு உறுதி செய்தது. துருக்கிக்கும் கிரீஸுக்கும் இடையே நடந்த கட்டாய மக்கள் பரிமாற்றத்திலிருந்தும் தீவு மக்களுக்கு விலக்கு கிடைத்தது. அந்தத் தன்னாட்சி கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை. 1964-ல் கிரேக்கமொழிப் பள்ளிகளை மூடினார்கள். விளைநிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. ஸ்கினூதி கிராமத்தருகே கைதிகள் வெளியே நடமாடும் திறந்தவெளிச் சிறை வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, உழ நிலம் இல்லை, ராத்திரியில் நிம்மதி இல்லை என்றால் யார்தான் இருப்பார்கள்? 1960-ல் ஏறக்குறைய 5,500 ரூமியர் வாழ்ந்த தீவில் 2000 வாக்கில் சுமார் 250 பேர் மிஞ்சினார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். 1970-ல் தீவின் பெயரையே கோக்சேஅடா என்று மாற்றிவிட்டார்கள்.

அதே 1964-ல் இஸ்தான்புல்லில் கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்தவர்களைத் துருக்கி நாடு கடத்தியது. கணவன் யுனான் குடிமகன், மனைவி துருக்கிக் குடியுரிமையுள்ள ரூம் என்ற குடும்பங்களும் பிள்ளைகளோடு கிளம்ப வேண்டியதாயிற்று. யுனான் வந்தவர், ரூம் உள்ளூர்க்காரர் என்ற அந்த ஒரு கோடு எவ்வளவு பெரியது என்று அப்போது தெரிந்தது. அதனால்தான் அதைத் தமிழில் அழித்துவிடக் கூடாது என்கிறேன்.

கிரேக்கப் பக்கமும் பெயர்ச் சிக்கல் உண்டு. ரோட்ஸ், கோஸ் தீவுகளின் துருக்கியர் தங்களைத் துருக்கியர் என்றே சொல்கிறார்கள். கிரேக்க அரசு அவர்களை முஸ்லிம்களாகவே பார்க்கிறது. 1923-ல் இத்தீவுகள் இத்தாலியின் கையில் இருந்ததால் சிறுபான்மையினருக்கான லொசான் பாதுகாப்பு இவர்களுக்குப் பொருந்தாது என்பது அதன் வாதம். துருக்கிமொழிப் பள்ளிகள் அங்கும் 1970-களில் மூடப்பட்டுவிட்டன.

அப்புறம், தமிழில் எப்படி எழுதுவது? ‘ரோமர்’ என்றால் ஜூலியஸ் சீசர் வந்து நிற்பார். ‘யவனர்’ யுனானுக்குத்தான் இணை. ‘துருக்கிக் கிரேக்கர்’ அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனாலும் அவர்களை வேறொரு நாட்டோடு சேர்த்தே பேசுகிறது. சைப்ரஸ் கிரேக்கரையும் துருக்கியர் ரூம் என்றே சொல்வதால் அது அங்கே உதவவும் உதவாது. என் தேர்வு ‘ரூமியர்’. விடுதி அறைக் குழப்பம் இல்லை, நம் -இயர் விகுதியோடு இயல்பாக நிற்கிறது, கவிஞர் ரூமியின் பெயரோடு உறவும் தெரிகிறது. முதல் தடவை வரும்போது மட்டும் ‘கிரேக்கம் பேசும் துருக்கிக் கிறிஸ்தவர்’ என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும்.

எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: ‘கான்ஸ்டான்டிநோபிள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைமைப் பிதா பர்த்தலோமேயு 1940-ல் இம்ரோஸில் பிறந்த ரூமியர். அவருடைய சொந்த ஊரான ஜெய்தின்லியில் ரூமியர் பள்ளி 49 ஆண்டுகளுக்குப் பிறகு 2013-ல் திறந்தபோது, விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.’