கார்பன் அம்பை அறுக்கும் முன்

பயிற்சிக்கு வந்த ஒரு மாணவரின் புதிய கார்பன் அம்பை வாங்கி, இரு முனைகளையும் பிடித்து லேசாக வளைத்தேன். உலர்ந்த சருகு நொறுங்குவது போல் மெல்லிய ஒலி வந்தது. இரும்பு அறுக்கும் ரம்பத்தால் வீட்டிலேயே வெட்டியதாகச் சொன்னார். வெட்டிய முனையிலிருந்து மயிரிழை போன்ற விரிசல் தண்டுக்குள் ஓடியிருந்தது. அதை நாணில் பூட்டி எய்திருந்தால், தண்டு உடைந்து சிம்புகள் வில்லைப் பிடித்த கையில் பாய்ந்திருக்கலாம்.

கார்பன் தண்டு என்பது பிசினால் ஒட்டவைக்கப்பட்ட நுண்ணிய இழைகளின் குழாய். ரம்பத்தின் பற்கள் இழைகளைக் கொக்கிபோல் மாட்டி இழுக்கின்றன. தண்ணீர்க் குழாய் வெட்டும் கருவியோ சுவரை அழுத்தி நசுக்குகிறது. ஆகவே பற்களே இல்லாத, தேய்த்து அறுக்கும் மெல்லிய வட்டுதான் கார்பனுக்கு ஏற்றது. அம்பு அறுக்கும் இயந்திரங்களில் இது பொதுவாக நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும். வட்டு முழு வேகம் எடுத்த பிறகே தண்டை மெல்ல நெருக்க வேண்டும். ஒரே அழுத்தில் குறுக்கே வெட்டிவிடாமல், விரல்களால் தண்டை உருட்டியபடி சுற்றுச்சுவரை அறுத்து வந்தால் முனை சாயாமல் தண்டுக்குச் செங்குத்தாக நிற்கும். வெட்டுமிடத்தில் காகித டேப் ஒரு சுற்றுச் சுற்றினால் இழைகள் பிரிவது குறையும். தண்டைத் தாங்க ஏதுமின்றி வெறுங்கையில் பிடித்து அறுப்பதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை.

அறுக்கும்போது பறக்கும் கருந்தூளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். அது தோலில் அரிப்பை உண்டாக்கும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். துணி முகக்கவசம் போதாது. என்95 தரத்திலாவது ஒன்று வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். வட்டின் அருகிலேயே தூசி உறிஞ்சியின் குழாயை வையுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கணினி இருக்கும் அறையில் இந்த வேலையே கூடாது. சுழலும் வட்டுக்கு அருகே தொளதொளப்பான கையுறையும் ஆபத்துதான்.

இத்தனை கவனத்துடன் அறுத்தாலும் அளவு தவறினால் பயனில்லை. அம்பின் நீளத்தை, நாண் அமரும் பிளவின் அடியிலிருந்து தண்டு முடியும் இடம் வரை அளக்க வேண்டும். உலோக முனை கணக்கில் சேராது. வெட்டாத நீண்ட அம்பைப் பூட்டி முழுவதுமாக இழுத்து நிற்கும்போது, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று, வில்லில் அம்பு படிந்திருக்கும் தாங்கிக்கு நேரே அம்பின்மேல் குறியிடட்டும். அதற்கு முன்னால் 1 அங்குலமாவது விடுவது என் வழக்கம். இழுப்பு இன்னும் நிலைபெறாத புதியவர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் 2 அங்குலத்துக்கும் கூடுதலாக விடுவேன். குட்டையான அம்பு இழுக்கும்போது தாங்கியைத் தாண்டிப் பின்னால் விழும். அந்த நிலையில் நாணை விட்டால் அது போய்ச் சேரும் இடம் உங்கள் கை. தண்டைக் குறைக்கக் குறைக்க அது விறைப்பாகவும் நடந்துகொள்ளும். ஆகவே முதலில் ஓர் அம்பை மட்டும் சற்று நீளமாக வெட்டி, எய்து பாருங்கள்.

அலுமினியத் தண்டையும் அதே வட்டில் அறுக்கலாம். உள்விளிம்பில் நிற்கும் பிசிறை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். மரத்தண்டுக்கு நுண்பல் ரம்பமே போதும்.

வெட்டிய கார்பன் முனையை நுண்ணிய உப்புத்தாளில் நேராகத் தேய்த்து, உள்ளே ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தூள் வருவது நிற்கும் வரை துடைத்த பின்பே, உலோக முனையை ஒட்டும் பசையை இட வேண்டும். உருகு பசை என்றால் உலோக முனையைத்தான் சூடாக்க வேண்டும். தண்டைச் சூடாக்கினால் பிசின் கெடும். பசை இறுகியதும் ஒவ்வோர் அம்பையும் கண்ணாடி அணிந்து, முகத்திலிருந்து விலக்கிப் பிடித்து, சுழற்றிச் சுழற்றி வளைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அந்த மாணவரின் அம்பை இரண்டாக உடைத்து, துண்டுகளை டேப்பால் சுற்றிக் குப்பையில் போட்டேன். முழுதாகப் போட்டிருந்தால் வேறு யாராவது எடுத்து எய்யக்கூடும்.