ரோமுலஸ் கதையும் ஒரு கிரகணத்தின் சாட்சியும்

ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் இரட்டையர் ரோமுலஸையும் ரீமஸையும் பெண் ஓநாய் ஒன்று பால் கொடுத்துக் காப்பாற்றியது கட்டுக்கதை என்றால், ரோமின் ஆரம்பகால வரலாற்றில் எதைத்தான் நம்புவது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ரோம் நகரம் கி.மு. 753இல் நிறுவப்பட்டது என்பது மரபு. ஆனால் ரோமானியர்களில் முதன்முதலாக வரலாறு எழுதிய ஃபேபியஸ் பிக்டர் எழுதியது கி.மு. 200 வாக்கில். ரோம வரலாற்றாசிரியர் லிவி அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிந்தியவர். இடையில் கிடக்கும் ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு என்ன ஆதாரம்? கி.மு. 390 வாக்கில் வடக்கிலிருந்து வந்த கௌல் இனப் படையினர் ரோமுக்குத் தீ வைத்தபோது பழைய எழுத்துப் பதிவுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது என்று லிவியே சொல்கிறார்.

இங்கே பலரும் ஒரு குறுக்கு வழியில் போகிறார்கள். ஓநாய், தெய்வப் பிறப்பு போன்ற நம்ப முடியாதவற்றை நீக்கிவிட்டு, மீதியை வரலாறு என்று வைத்துக்கொள்வது. இது சரியான முறை அல்ல. நம்பும்படியாக ஒரு பொய்யைச் சொல்வது யாருக்கும் கடினமில்லை. ஏழு மன்னர்களின் பட்டியலைப் பாருங்கள். ரோமை ஏழு பேர் மொத்தம் 244 ஆண்டுகள் ஆண்டார்களாம். அதில் அற்புதம் எதுவும் இல்லை. ஆனால் சராசரி கிட்டத்தட்ட 35 ஆண்டுகள் வருகிறது. ஏழு பேரில் இருவர் கொலை செய்யப்பட்டார்கள், ஒருவர் துரத்தப்பட்டார் என்றும் அதே மரபு சொல்கிறது. இந்தக் கணக்கு உதைக்கிறது என்று சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் ஐசக் நியூட்டன். அவர் இறந்த பிறகு 1728இல் வெளியான காலவரிசை நூலில், மன்னர்கள் சராசரியாக 18 முதல் 20 ஆண்டுகள்தான் ஆள்வார்கள் என்று பல நாடுகளின் பட்டியல்களை வைத்து வாதிட்டார்.

அப்படியானால் எதை நம்பலாம்? யார், எப்போது, எதற்காக எழுதி வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். ரோமின் தலைமைப் பூசாரி ஆண்டுதோறும் ஒரு பலகையில் அந்த ஆண்டின் அதிகாரிகள் பெயரையும் முக்கியச் செய்திகளையும் எழுதி, மக்கள் பார்க்கும்படி தன் வீட்டில் வைப்பது வழக்கம். இந்தப் பலகைகளைப் பற்றிக் கேட்டோ என்ற மூத்த அரசியல்வாதி சலித்துக்கொண்டார்: தானியம் எத்தனை முறை விலை ஏறியது, நிலாவையோ சூரியனையோ எத்தனை முறை இருள் மூடியது என்பதையெல்லாம் தன் நூலில் எழுத விருப்பமில்லை என்றார். எனக்கு இதைவிட மதிப்புள்ள செய்தி வேறில்லை. தானிய விலையைப் புனைந்து யாருக்கு என்ன பெருமை வரும்? கிரகணமோ இன்னும் உயர்ந்த ஆதாரம். அதை நாமே சரிபார்க்கலாம்.

அப்படிச் சரிபார்க்கக்கூடிய ஒன்று உண்மையிலேயே கிடைத்திருக்கிறது. கி.மு. 50களில் எழுதிய ரோம அரசியல்வாதி சிசரோ, எனியஸ் என்ற பழைய கவிஞரின் வரியை மேற்கோள் காட்டுகிறார். ரோம் நிறுவப்பட்டு ஏறத்தாழ 350ஆம் ஆண்டில், ஜூன் 5ஆம் தேதி, நிலா சூரியனை மறித்தது, இருள் வந்தது என்பது செய்தி. பூசாரிகளின் பதிவேட்டிலும் இது இருந்தது என்கிறார் சிசரோ.

இதை எப்படிச் சோதிப்பது? சூரியன், பூமி, நிலா மூன்றின் நகர்வையும் ஈர்ப்பு விதிகளைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடலாம். எந்த நாளில் கிரகணம் நடந்தது என்பது அதிகச் சிரமமில்லாமல் வந்துவிடும். ஆனால் எந்த ஊரில் தெரிந்தது என்று கேட்டால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. ஏனென்றால் பூமி சுழலும் வேகம் மாறிக்கொண்டே வருகிறது.

நிலாவின் இழுப்பால் கடலில் ஓதம் (நீர்மட்ட ஏற்ற இறக்கம்) எழுகிறதல்லவா, அது பூமியின் சுழற்சிக்கு மிக மெல்ல பிரேக் போடுகிறது. அதனால் ஒரு நூற்றாண்டில் ஒரு நாளின் நீளம் இரண்டு மில்லி விநாடிக்கும் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இது ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போகும் பாக்கி. 2,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இன்றைய நாளைவிட சுமார் 40 மில்லி விநாடி குறைவாக இருந்தது. இடைப்பட்ட காலத்துக்குச் சராசரியாக 20 மில்லி விநாடி என்று வைத்து, எட்டு லட்சத்துக்கும் அதிகமான நாட்களால் பெருக்கிப் பாருங்கள். 16,000 விநாடி, அதாவது நாலு மணி நேரத்துக்கும் மேல்! அந்த நேரத்தில் பூமி 60 பாகைக்கு மேல் திரும்பிவிடும். இதைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால், ரோமில் விழ வேண்டிய நிழல் அட்லாண்டிக் கடலில் போய் விழும்.

இந்தத் திருத்தத்தின் அளவு எப்படித் தெரிந்தது? களிமண் பலகைகளிலிருந்து. கி.மு. 136இல், இன்றைய இராக்கில் இருந்த பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாக அந்த ஊர் வானியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பூமியின் வேகம் மாறவில்லை என்று கொண்டால் அந்த நிழல் மத்தியதரைக் கடலின் மேற்குப் பக்கம் மயோர்கா தீவருகே போயிருக்க வேண்டும். பாபிலோனுக்கும் அந்த இடத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் பூமி இழந்த நேரத்தின் அளவு. ரிச்சர்ட் ஸ்டீபன்சன் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் இப்படிப் பாபிலோனிய, சீனப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரட்டினார்கள். உடைந்த பலகைகளைப் படிக்க எதற்குப் பொதுப்பணம் என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பூமியின் சுழற்சியைப் பற்றி இவ்வளவு நீண்ட அளவீட்டைத் தரும் கருவியை எந்தப் பணத்தாலும் இன்று வாங்க முடியாது.

பாபிலோன் தந்த திருத்தத்தை வைத்து ரோமைப் பார்த்தால், கி.மு. 400 ஜூன் 21 வருகிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் பொருத்தம் இது. ஜூன் 5க்கும் ஜூன் 21க்கும் இடையே உள்ள வித்தியாசம் பொருட்டல்ல. 355 நாள் ஆண்டும் அவ்வப்போது நுழைக்கும் கூடுதல் மாதமுமாக ஓடிய பழைய ரோம நாட்காட்டி அப்படித்தான் நழுவும். கி.மு. 190இல் ஜூலை 11 அன்று கிரகணம் என்று லிவி எழுதுகிறார், அது உண்மையில் நடந்தது மார்ச் 14 அன்று!

ஆக, நெருப்புக்கு முந்திய ஒரு பதிவு பிழைத்து வந்திருக்கிறது. கி.மு. 400 வாக்கில் யாரோ பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார்கள். ஆனால் 400 உடன் 350ஐக் கூட்டி, ரோம் கி.மு. 750இல் நிறுவப்பட்டது நிரூபணமாகிவிட்டது என்று குதிக்கக் கூடாது. கிரகணம் பதிவு, 350 என்பது பின்னால் வந்தவர்கள் போட்ட கூட்டல்.

சிசரோ அடுத்துச் சொல்வதில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. இந்தக் கிரகணத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ரோமுலஸ் மறைந்தபோது வந்த கிரகணம் வரை கண்டுபிடித்துவிட்டார்களாம். அதாவது அதை யாரும் பார்த்து எழுதவில்லை. சிசரோ காலத்து ஜோதிடர் டருட்டியஸ் இன்னும் மேலே போனார். ரோமுலஸின் வாழ்க்கையிலிருந்து ஜாதகத்தைத் தலைகீழாகக் கணித்து, அவர் தாய் வயிற்றில் கருவான நேரத்தைக்கூடச் சொன்னார், அதுவும் ஒரு முழுக் கிரகணத்தின்போது. முடிவை முன்பே வைத்துக்கொண்டு நாள் தேடுவது எந்தக் காலத்திலும் மூடநம்பிக்கைதான். எண்களைப் போட்டு எழுதினால் அது அறிவியல் ஆகிவிடாது.

அப்புறம், மண்ணுக்கு அடியிலிருந்தும் சாட்சிகள் வந்திருக்கின்றன. ரோமின் பழைய பொது மன்றத்தில் (ஃபோரம்) 1899இல் ஜாக்கமோ போனி தோண்டியெடுத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கல்லில் மன்னரைக் குறிக்கும் சொல் இருக்கிறது. அதனால் மன்னர்கள் இருந்திருப்பார்கள் என்று கொள்ளலாம், ஏழு பேர் பட்டியலை அல்ல. 1977இல் சாட்ரிக்கம் என்ற இடத்தில் கி.மு. 500 வாக்கைச் சேர்ந்த இன்னொரு கல் கிடைத்தது. போப்லியஸ் வலேசியஸின் தோழர்கள் மார்ஸ் தெய்வத்துக்குப் படைத்தது அது. மன்னர்களுக்குப் பின் வந்த குடியரசின் முதல் ஆண்டிலேயே கான்சல் என்ற ஆட்சித் தலைவர் ஆனதாக மரபு சொல்லும் பப்ளியஸ் வலேரியஸின் பெயருடைய பழைய வடிவம் அது. அதே மனிதர்தானா என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. வலேரியஸ் குடும்பத்தில் அந்தப் பெயர் வேறு பலருக்கும் இருந்தது என்பதால், பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து அவரேதான் என்று நான் சொல்ல மாட்டேன்.