தெரிந்த ஆங்கிலம் ஏன் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது?

ஒருவர் பேசி முடித்ததும் எதிரில் இருப்பவர் பதில் சொல்லத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகும்? நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 10 மொழிகளில் இயல்பாக நடந்த உரையாடல்களை வீடியோவில் பதிவு செய்து இதை அளந்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. ஜப்பானிய மொழியில் இடைவெளி மிகக் குறைவு, டேனிஷ் மொழியில் சற்றுக் கூடுதல். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி சுமார் 200 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு.

ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைக் கேட்டால், தாய்மொழியில் சொல்லவே ஏறக்குறைய 600 மில்லிநொடி பிடிக்கிறது. ஒரே ஒரு சொல்லுக்கே இவ்வளவு நேரம் என்றால், முழுப் பதிலை 200 மில்லிநொடிக்குள் எப்படித் தொடங்குகிறோம்? எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே தயாராகிவிடுகிறோம். காது கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே பதில் உருவாக ஆரம்பித்துவிடுகிறது.

இரண்டாவது மொழிக்கு வரும்போது முதலில் குலைவது இந்த ஏற்பாடுதான். எதிராளி சொல்வதைப் புரிந்துகொள்ளவே முழுக் கவனமும் செலவாகிவிடுகிறது. அவர் நிறுத்திய பிறகுதான் பதிலைத் தேடத் தொடங்குகிறோம். நடுவே ஒன்றிரண்டு நொடி மௌனம் விழுகிறது. 200 மில்லிநொடிக்குப் பழகிய காதுக்கு அது பெரிய பள்ளமாகத் தெரிகிறது. "எனக்கு ஆங்கிலம் வராது" என்ற முடிவுக்குப் பலர் வருவது அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டுதான். அந்தத் தாமதம் இரண்டாவது மொழியில் பேசும் யாருக்கும் வரக்கூடியது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

"இன்னும் கொஞ்சம் கிராமர் படித்துவிட்டால் பயம் போய்விடும்" என்று நம்பி ஆண்டுக்கணக்கில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இலக்கணம் வளர்கிறது, பயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பயம் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு என்பதுதான் காரணம்.

டச்சு உளவியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் பேச்சை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். என்ன சொல்வது என்று தீர்மானிப்பது முதலாவது. அதற்கான சொற்களை எடுத்து இலக்கணப்படி கோப்பது இரண்டாவது. வாயால் ஒலிப்பது மூன்றாவது. தாய்மொழியில் முதல் கட்டத்துக்கு மட்டுமே நாம் கவனம் கொடுக்கிறோம், மற்ற இரண்டும் தாமாகவே ஓடுகின்றன. இரண்டாவது மொழியில் மூன்றுமே நம் கவனத்தைக் கேட்கின்றன. நாம் கவனத்தில் வைத்துக் கையாளும் விஷயங்கள் தங்குமிடத்தைச் செயல்நினைவு என்கிறார்கள். உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் அதற்கு ஒரு மாதிரியை முன்வைத்தபோதே அது மிகக் குறுகிய இடம் என்பது தெளிவாகியிருந்தது.

அங்கே என்ன நடக்கிறது என்பதை ஒரு சின்ன வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம். மீட்டிங்கில் ஒருவர் கேட்கிறார். "அந்த ரிப்போர்ட்டை நேற்றே அவருக்கு அனுப்பிவிட்டேன்" என்று நீங்கள் பதில் சொல்ல வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், நிதானமாக அதை நோக்கிப் போகலாம். ஆங்கிலத்தில் "ஐ" என்று வாயைத் திறந்த அடுத்த கணமே வினைச்சொல் வேண்டும். எனவே கடைசியில் இருந்ததை முன்னுக்கு இழுக்கிறீர்கள். அது "சென்ட்" என்று இறந்தகாலத்துக்கு மாற வேண்டும். "அவருக்கு" என்பதில் பின்னால் ஒட்டியிருக்கும் "க்கு"வை "டு ஹிம்" என்று முன்னால் வைக்க வேண்டும். "நேற்றே" என்பதில் இருக்கும் அந்த ஏகாரத்தின் அழுத்தத்தை எங்கே வைப்பது? இது முடியும்வரை வாக்கியத்தின் மீதி பாகங்களை மனதில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு மொழி தெரிந்தவருக்கு ஒன்றைப் பேசும்போதும் மற்றது விழித்தே இருக்கும். ஆகவே முந்திக்கொண்டு வரும் தமிழ்ச் சொற்களையும் அடக்கியாக வேண்டும்.

இந்த நெரிசலுக்குள்தான் பதற்றம் நுழைகிறது. "தப்பாகச் சொல்லிவிட்டேனோ?", "அவர் ஏன் புருவத்தை உயர்த்தினார்?", "என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்று கவலை வருவது வாக்கியங்களாகத்தான். அந்த வாக்கியங்களுக்கும் அதே செயல்நினைவில்தான் இடம் வேண்டும். பிரிட்டிஷ் உளவியலாளர் மைக்கேல் ஐசெங்க் தன் சகாக்களோடு 2007இல் முன்வைத்த கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. பதற்றம், செய்கிற வேலையிலிருந்து கவனத்தைப் பிடுங்கி, அச்சுறுத்தலாகத் தெரிவதன்மேல் திருப்பிவிடுகிறது. பாதி கட்டிய வாக்கியம் அப்படியே கலைகிறது. அன்று மாலை தனியாக இருக்கும்போது அதே வாக்கியம் பிழையில்லாமல் முழுதாக வந்து நிற்கும். அனுபவித்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். ஆங்கிலம் உள்ளே இருந்தது, அதைக் கோக்கத்தான் இடம் இல்லாமல் போனது.

உடம்பு தன் பங்குக்கு வேறு சேர்ந்துகொள்கிறது. அட்ரினலின் சில நொடிகளில் வேலையைத் தொடங்கிவிடும். இதயம் வேகமெடுக்கும், உமிழ்நீர் குறைந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், தொண்டைத் தசைகள் இறுகிக் குரல் நடுங்கும். கார்ட்டிசால் மெதுவாக ஏறும் ஹார்மோன். அது கூடினால், ஏற்கெனவே கற்றதை நினைவிலிருந்து மீட்பது கடினமாகிறது.

ஆய்வுக்கூடத்தில் ஒருவரின் கார்ட்டிசாலை நம்பகமாக உயர்த்த ஆய்வாளர்கள் என்ன வழி கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவான சோதனை அது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மன அழுத்தத்தை உண்டாக்கிப் பார்த்த 208 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2004இல் அலசிய உளவியலாளர்கள் சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும், இரண்டு நிலைமைகள் ஒன்றுசேரும்போதுதான் கார்ட்டிசால் அதிகம் ஏறுகிறது என்று கண்டார்கள். ஒன்று, மற்றவர்கள் நம்மை எடைபோடுவது. இன்னொன்று, விளைவு நம் கையில் இல்லாமல் இருப்பது. இன்னும் வசப்படாத மொழியில் பிறர் முன் பேசும்போது இரண்டுமே இருக்கின்றன. எனவே பயப்படுகிறவர் கோழை அல்ல. உடம்பு அந்த நிலைமைக்கு எதிர்வினை காட்டுகிறது, அவ்வளவுதான்.

தாய்மொழியில் மேடையே அதிரப் பேசுகிறவர்கூட இன்னொரு மொழியில் ஒடுங்கிப்போவது உண்டு. 1986இல் மொழிக் கல்வி ஆய்வாளர் எலைன் ஹார்விட்ஸும் சகாக்களும் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டு, வேற்றுமொழிப் பதற்றத்தைத் தனியொரு வகையாகவே பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. தன் மொழியில் ஒருவர் அறிவாளி, நகைச்சுவைக்காரர், பக்குவப்பட்ட மனிதர். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் அந்த மனிதரை அவரால் வெளியே கொண்டுவர முடிவதில்லை. தன்னைவிடச் சிறிய ஒருவராகப் பிறர் கண்ணுக்குத் தெரிவது வலிக்கத்தான் செய்யும்.

பயத்தில் நாம் செய்யும் இயல்பான காரியம், ஒவ்வொரு சொல்லையும் சொல்வதற்கு முன் சோதிப்பது. அதுவே நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. படிக்கட்டில் இறங்கும்போது ஒவ்வோர் அடியையும் எங்கே வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், கால் தடுமாறும். ஓரளவு பழகிய வாக்கியங்களுக்கும் அதுவே நேர்கிறது.

ஆகவே வழி இரண்டு பக்கமும் இருக்கிறது. செயல்நினைவின் சுமையைக் குறைக்க வேண்டும், பயத்தின் எதிர்பார்ப்பையும் மாற்ற வேண்டும். முதலாவதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல பயிற்சி, நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 1989இல் ஆராய்ந்து பரவலாக்கிய 4/3/2 முறை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்கிறீர்கள். அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், பிறகு மூன்றாமவரிடம் இரண்டே நிமிடத்தில். என்ன சொல்வது என்பது முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுகிறது. அடுத்த சுற்றுகளில் மீதமாகும் கவனம் மொழிக்குக் கிடைக்கிறது. தயக்கம் குறைந்து வேகம் கூடுவதை நேஷன் பதிவு செய்தார். ஆள் மாறிக்கொண்டே இருப்பது முக்கியம். புதிதாகக் கேட்கிற ஒருவர் இருந்தால்தான் அது உண்மையான பேச்சாக இருக்கும், இல்லாவிட்டால் ஒப்பித்தலாகிவிடும்.

மௌனப் பள்ளத்துக்கும் மருந்து உண்டு. "லெட் மீ திங்க்", "வாட் ஐ மீன் இஸ்", "குட் யூ சே தட் அகெய்ன்?" போன்ற தொடர்களைத் துண்டு துண்டாகக் கோக்க வேண்டியதில்லை, முழுதாகவே எடுத்து வைக்கலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நாள் முழுக்கச் செய்வதும் இதுதான். இப்படி ஒரு தொடரைச் சொல்லும்போது பேசும் வாய்ப்பு உங்கள் கையை விட்டுப் போவதில்லை, யோசிக்கவும் ஓரிரு நொடி கிடைக்கிறது. பத்துப் பதினைந்து தொடர்கள் நாக்கில் ஊறினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

பயத்தின் பக்கம் வந்தால், உளவியலாளர்கள் கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட சோதனை ஆறுதல் தருவது. நம் உள்நடுக்கம் அப்படியே வெளியே தெரிகிறது என்றுதான் பேசுகிறவர்கள் நினைக்கிறார்கள். கேட்பவர்களுக்கோ அதில் கொஞ்சம்தான் தெரிகிறது. இந்த உண்மையை முன்கூட்டியே சிலருக்கு விளக்கிவிட்டுப் பேசச் சொன்னபோது, அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களின் மதிப்பீடும் அதையே சொன்னது. சோதனை நடந்தது பொதுவான மேடைப் பேச்சில்தான். என்றாலும் இரண்டாவது மொழியில் தயங்குகிறவருக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பேசுவதற்கு முன் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவதும் உதவும். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பை இயல்பாகவே சற்றுத் தணிக்கிறது.

தவிர்ப்பது மட்டும் கூடாது. அழைப்பை எடுக்காமல் விட்டு மெசேஜ் அனுப்பும்போது உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே "தப்பித்தோம்" என்று மூளைக்குப் பாடம் சொல்லி, அடுத்த முறை பயத்தைக் கூட்டுகிறது. நம்பிக்கையான ஒருவரிடம் தொடங்கி, பிறகு தெரியாத ஒருவரிடம், பிறகு சிறு குழுவில் என்று பேசிப் பேசித்தான் "தப்பாகப் பேசினேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதை மூளை கற்கிறது. எதிரில் இருப்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. பேசிக்கொண்டிருப்பவரின் வாக்கியத்தை நடுவில் திருத்துவது அவர் கட்டிக்கொண்டிருப்பதைக் கலைப்பதுதான். முடிக்கும்வரை காத்திருங்கள், திருத்தம் பிறகு சொல்லலாம்.

பழகப் பழக எது மாறும், எது மாறாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ட்ரியர் சோதனையை அதே ஆட்களிடம் மறுபடி மறுபடி நடத்தியபோது, பெரும்பாலோருக்குக் கார்ட்டிசால் இரண்டாம் முறையே வெகுவாகக் குறைந்தது. சிலருக்கு மட்டும் மெதுவாக இறங்கியது. இதயத் துடிப்போ பலருக்கு ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. அதனால் பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் பேசத் தொடங்கும்முன் நெஞ்சு படபடத்தால், முன்னேற்றமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நெஞ்சு படபடக்கும்போதே வாக்கியம் முழுதாக வெளியே வருகிறதா என்று பாருங்கள்.